தங்கைக்கு, நாற்காலி வாங்கப் போகுமுன்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய நாற்காலிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போனில் சொன்னால் கடையில் போய் நிற்கும்போது பாதிகூட ஞாபகம் இருக்காது. கையோடு எடுத்துப் போகட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கறுப்பும் சிவப்புமாக இருக்கிற அந்த கேமிங் சேருக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதே. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் வலி. பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், ராத்திரி ஷிப்ட் பாதி தாண்டியதும் கனத்துப் பிடிக்கிறது, எழுந்து நடந்தால் கொஞ்சம் விடுகிறது என்றாய். அவ்வளவுதான் என்றால் நாற்காலியையும் மேசையையும் வேலை செய்கிற விதத்தையும் மாற்றிப் பார்க்கலாம், நிச்சயம் குறையும். ஆனால் வலி பிட்டத்தைத் தாண்டிக் கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இழுக்கிறதா? தும்மினால் காலுக்குள் சுரீரென்று இறங்குகிறதா? கால் பெருவிரலை மேலே தூக்கச் சிரமமாக இருக்கிறதா? இருந்தால் நாற்காலிக் கடைக்குப் போகுமுன் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாத வலி என்றாலும் அப்படியே. இன்னொன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்: உட்காரும் இடத்திலும் தொடைகளுக்கு நடுவிலும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ, நேரம் பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். அதில் மணிக்கணக்குகூட முக்கியம்.

இதெல்லாம் உனக்கு இல்லை என்றே நம்புகிறேன். இல்லை என்றால் யாரோ சொன்னார்கள் என்று எம்.ஆர்.ஐ. எடுக்கவும் அவசரப்படாதே. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்து 2015இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது; 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கு. யாருக்கும் வலி இல்லை. உனக்கும் ஸ்கேனில் ஏதாவது தெரியலாம். 'டிஸ்க் பல்ஜ்' என்று தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால், அன்றிலிருந்து குனியவும் பாப்பாவைத் தூக்கவும் பயப்பட ஆரம்பிப்பாய். அந்தப் பயம் முதுகை இன்னும் இறுக்கும். பிசியோதெரபிக்கு என்னிடம் வருகிறவர்களில் பலரிடம் வலியைவிட இந்தப் பயத்தைக் கரைக்கத்தான் அதிக நாள் ஆகிறது.

சரி, உட்கார்ந்தால் முதுகுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள். தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதை நீயே எடைபோட்டுப் பார்க்கலாம். நிற்கும்போது இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துப் பார், ஒரு பள்ளம் இருக்கும். அப்படியே ஸ்டூலில் உட்கார், கையை எடுக்காதே. இடுப்புக்கூடு பின்பக்கம் உருண்டு, பள்ளம் நிரவிப் போவது கையிலேயே தெரியும். 1953இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கீகன் என்ற மருத்துவர் பலவித நிலைகளில் எக்ஸ்ரே எடுத்து இதைக் காட்டினார். தொடைக்கும் உடம்புக்கும் நடுவே ஏறக்குறைய 135 பாகை விரிந்திருக்கும்போதுதான் முதுகு தன் இயல்பான வளைவில் நிற்கிறது. 90 பாகையில் மடக்கி உட்காரும்போது அந்த வளைவு குலைகிறது. 'நேராக, செங்குத்தாக உட்கார்' என்று பள்ளிக்கூடத்தில் நம் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார்களே, அது முதுகுக்கு ஓய்வு தருகிற நிலையே அல்ல.

ஸ்வீடனில் நாகெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960களில் டிஸ்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் அதிகம் என்று அவருக்குத் தெரிந்தது. ரொம்ப காலம் எல்லாப் பாடப்புத்தகங்களிலும் அதுதான். பிறகு 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் டிஸ்கில் கருவி பொருத்தி மறுபடியும் அளந்தார்கள். நின்றபோது 0.5 மெகாபாஸ்கல், சாயாமல் சாதாரணமாக உட்கார்ந்தபோது 0.46, அதாவது நிற்பதோடு பெரிய வித்தியாசம் இல்லை. முன்னால் நன்றாகக் குனிந்து உட்கார்ந்தபோது 0.83. நாற்காலியில் தளர்ந்து சரிந்து சாய்ந்தபோது 0.3. ஒரே ஆளின் முதுகில் எடுத்த அளவுதான், எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இரண்டு ஆய்வும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு: முன்னால் குனிந்தால் சுமை ஏறுகிறது, பின்னால் சாய்ந்தால் இறங்குகிறது. அதனால் நாற்காலியில் முதலில் பார்க்க வேண்டியது அது உன்னைச் சாய விடுகிறதா என்பதை. பஞ்சு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

இப்போது நீ டைனிங் டேபிள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, லேப்டாப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு, கால் இரண்டையும் நாற்காலிக் கம்பியில் மாட்டி வேலை செய்கிறாய். வீடியோ காலில் பார்த்தேன். அந்தக் கால்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. தரை எட்டாதவர்கள்தான் கம்பியைத் தேடுவார்கள்.

நம் அம்மா வழியில் யாருமே உயரம் கிடையாது. உனக்கு ஐந்தடி ஒரு அங்குலம். கடைகளில் இருக்கிற ரிவால்விங் சேர்களில் பெரும்பாலானவற்றை முழுக்க இறக்கினாலும் சீட் 17, 18 அங்குலத்தில் நின்றுவிடும். உன் முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை 15 அங்குலம் இருந்தால் அதிகம். இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டு அளவுகளை வைத்துச் செய்கிற நாற்காலிகள் ஷூ போட்ட காலை நினைத்துச் செய்தவை. நாம் வீட்டில் வெறுங்காலோடு இருக்கிறோம், அங்கேயே ஒரு அங்குலம் போச்சு. கால் தொங்கினால் சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும், கால் மதமதக்கும். அதைத் தவிர்க்க நீ முன்னால் நகர்வாய். நகர்ந்ததும் முதுகு சாய்மானத்தை விட்டு விலகும். சாய்மானம் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தால் என்ன, அது உன் முதுகைத் தொடவே இல்லையே. குள்ளமான பெண்களுக்கு நாற்காலியால் வருகிற முதுகுவலியில் பெரும்பங்கு இப்படித் தொடங்குவதைத்தான் நான் பார்க்கிறேன். அவர்களோ தங்களுக்கு முதுகு பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செருப்புக் கடையில் ஆறா ஏழா என்று கேட்காமல் யாராவது எடுத்துக் கொடுப்பார்களா? நாற்காலியை மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவில் விற்கிறார்கள். 1994இல் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக பில் ஸ்டம்ப், டான் சாட்விக் இருவரும் வடிவமைத்த ஏரான் நாற்காலி ஏ, பி, சி என்று மூன்று அளவில் வந்தது. வலை போட்ட முதுகு என்பதற்காக அதைப் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அந்த மூன்று அளவுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த விலைக்கு நாம் போக வேண்டாம். ஆனால் உன் அளவை நீ எடுத்துக்கொண்டு போகலாம்.

தையல் டேப்பை எடு. வெறுங்காலோடு, பாதம் முழுக்கத் தரையில் படுகிற மாதிரி வாசல்படியிலோ கட்டையான ஸ்டூலிலோ உட்கார். முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை ஒரு அளவு. முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஒரு அளவு. அதில் இரண்டு அங்குலம் கழித்தால் உனக்கு ஏற்ற சீட்டின் ஆழம். உனக்குப் பதினைந்தரை, பதினாறு வரும் என்று நினைக்கிறேன். கடையில் இருப்பவை பெரும்பாலும் 18க்கு மேல். மூன்றாவதாக, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி வைத்து, முழங்கையிலிருந்து உட்கார்ந்திருக்கிற பலகை வரை ஒரு அளவு. இந்த மூன்றாவது அளவை யாருமே எடுப்பதில்லை, மேசையைத் தீர்மானிப்பது இதுதான்.

மேசையைப் பற்றி நீ ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கோ நாற்காலியைவிட அதுதான் கவலை. டைனிங் டேபிள் 30 அங்குலம் இருக்கும். உன் கால் அளவு 15, முழங்கை அளவு எட்டோ ஒன்பதோ என்று வைத்துக்கொண்டால், உன் கை இயல்பாக நிற்கிற உயரம் 23, 24 அங்குலம். மேசை ஆறேழு அங்குலம் தூக்கலாக இருக்கிறது. அதனால்தான் தோளை உயர்த்திக்கொண்டே தட்டச்சு செய்கிறாய், கழுத்தும் சேர்ந்து வலிக்கிறது. இதற்கு இரண்டு வழி. நாற்காலியை மேசைக்கு ஏற்ப உயர்த்திவிட்டு, பாதத்துக்குக் கீழே உறுதியான பலகையோ குட்டை ஸ்டூலோ வைப்பது ஒன்று. மாமியார் வீட்டில் பழைய மணைப்பலகை இருக்குமே, அதன் கீழே ஒரு வரிசை செங்கல் வைத்தால் போதும். இரு பாதமும் முழுக்கப் பதிய வேண்டும், ஆடக் கூடாது. இன்னொரு வழி, பழைய மரமேசை ஒன்றை வாங்கி, ஆசாரியிடம் கொடுத்துக் காலை உன் அளவுக்கு அறுத்துக்கொள்வது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. உன் உயரத்துக்கு என்று ஒரு மேசை வீட்டில் இருந்தால் என்ன? வீட்டில் உனக்கென்று அளவெடுத்துச் செய்த பொருள் வேறு எதுவும் இல்லையே.

லேப்டாப்பில் விசைப்பலகையும் திரையும் ஒட்டிக்கொண்டிருப்பது அதன் குறை. கை சரியாக இருந்தால் கழுத்து குனியும், கழுத்து சரியாக இருந்தால் கை தூக்கும். தனி கீபோர்டும் மவுஸும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதை நாளைக்கே வாங்கு. லேப்டாப்பைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருகிற மாதிரி வை. இதைச் செய்து ஒரு வாரம் பார்த்துவிட்டு நாற்காலிக்குப் போனால்கூடத் தப்பில்லை. பாதி வலி இதிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

இனி கடை. மதியம் தூங்கி எழுந்து சோர்வில்லாமல் இருக்கும்போது போகாதே, அப்போது எந்த நாற்காலியும் சுகமாக இருக்கும். ஷிப்ட் முடிந்து, கடை திறந்ததும், முதுகு பிடித்திருக்கும்போது போ. வீட்டுக்காரரைக் கூட்டிப் போ. ஆனால் அவர் உட்கார்ந்து பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொல்வதைக் கேட்டு வாங்காதே. அவர் உன்னைவிட முக்கால் அடி உயரம்.

'எர்கோனாமிக்', 'ஆர்த்தோபீடிக்' என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிஃப்மா என்று ஒரு சான்று காட்டுவார்கள். அது உண்மையான தரச்சான்றுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நாற்காலி உடையாது, சாயாது, சக்கரம் கழன்று விழாது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. உனக்குப் பொருந்துமா என்று உன் டேப்தான் சொல்லும்.

நாற்காலியில் பின்னால் வரை தள்ளி உட்கார். முதுகு சாய்மானத்தைத் தொட்டிருக்கும்போதே முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் வேறு எதையும் பார்க்காதே, அடுத்த நாற்காலிக்குப் போ. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துகிற வசதி சில மாடல்களில் உண்டு. 'சீட் ஸ்லைடர்' என்று கேள். உன் அளவுக்கு அது இருந்தால் கூடுதலாக இரண்டாயிரம் கொடுத்தாலும் தகும். விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், தொடையில் கட்டையாக இடிக்கக் கூடாது.

அடுத்து இடுப்புச் சாய்மானம். கடையில் 'லம்பார் சப்போர்ட்' என்பார்கள். முன்பு கையை வைத்துப் பார்க்கச் சொன்னேனே, அந்தப் பள்ளத்தில் அது சரியாக வந்து உட்கார வேண்டும். உயரமானவர்களுக்குச் செய்தது உனக்கு விலாவில் குத்தும். மேலும் கீழும் நகர்த்த முடியாத மாடல் என்றால், அது தற்செயலாக உன் இடத்துக்குப் பொருந்தினால் மட்டும் வாங்கு. பொருந்தாத சப்போர்ட்டைவிட, எதுவும் இல்லாத தட்டையான முதுகும் ஒரு சுருட்டிய துண்டும் மேல்.

பிறகு சாய்ந்து பார். இதில்தான் நேரம் எடுத்துக்கொள். சாயும்போது பாதம் தரையிலிருந்து தூக்கிக்கொண்டால் அது சீட்டும் முதுகும் ஒன்றாகக் கவிழ்கிற சாதாரண புஷ்பேக். முதுகு அதிகமாகவும் சீட் கொஞ்சமாகவும் சாய்ந்தால் நல்லது. இடுப்பு விரிகிறது, பாதம் தரையிலேயே இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு திருகு இருக்கும், ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டிக் குறைக்க. அதை முழுக்கத் தளர்த்திய பிறகும் நீ உந்தித் தள்ளினால்தான் சாய்கிறது என்றால், அந்த ஸ்பிரிங் உன்னைவிடக் கனமான உடம்புக்கு. ஐம்பது கிலோ ஆள் மெல்லச் சாய்ந்தாலே கூடவே வர வேண்டும். ஒரே நிலையில் பூட்டி வைத்து வேலை செய்யாதே. திருகைச் சரியாக வைத்துவிட்டு, வேலைக்கு வருகிற சார்ட்டைப் படிக்கும்போது பின்னால், தட்டச்சு செய்யும்போது கொஞ்சம் முன்னால் என்று உடம்பு அசைந்துகொண்டே இருக்கட்டும்.

கைப்பிடி இறங்கி ஏற வேண்டும். இறங்காத கைப்பிடி மேசை விளிம்பில் முட்டும், நீ மேசையை விட்டுத் தள்ளி உட்கார்ந்து மறுபடி குனிவாய். முட்டினால் கழற்றிவிடச் சொல். கைப்பிடியே இல்லாவிட்டாலும் குடிமுழுகாது. உங்கள் திருச்சி வெயிலுக்கு ரெக்ஸின் வேண்டாம், முதுகு வேர்த்து ஒட்டும். வலை முதுகு போதும். சீட் மட்டும் பஞ்சாக இருக்கட்டும், பெருவிரலால் அழுத்தினால் அடிப்பலகை தட்டக் கூடாது. அடியில் ஐந்து கால் இருக்க வேண்டும். 'ஹைட்ராலிக்' என்று கடையில் சொல்கிற அந்தத் தண்டுக்கு எத்தனை வருட வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்கு. தலைக்குச் சாய்மானம் உனக்குத் தேவையில்லை. அதற்கென்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதே. ஒவ்வொன்றிலும் இருபது நிமிஷமாவது உட்கார். கடைப் பையன் முகம் சுளித்தாலும் எழுந்திருக்காதே. பத்து வருஷம் நீ உட்காரப் போகிற இடம் அது.

கேமிங் சேர் விஷயத்துக்கு வருகிறேன். அது பந்தயக் கார் இருக்கையின் சாயலில் செய்தது. கார் வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுகிறவர் பக்கவாட்டில் சரியாமல் பிடித்துக்கொள்ளத்தான் இரண்டு பக்கமும் உயர்ந்த விளிம்பு. மேசை முன்னால் நீ எந்த வளைவிலும் திரும்பப் போவதில்லை. அந்த விளிம்புகள் உன்னை அசையவிடாமல் ஒரே இடத்தில் இருத்தும், தோளை முன்னால் தள்ளும். சீட் ஆழம், ரெக்ஸின் சூடு, உன் பள்ளத்துக்குப் பொருந்தாத தலையணை எல்லாம் சேர்ந்துகொள்ளும். முழங்காலை ஊன்றி உட்காருகிற நாற்காலியின் படமும் அனுப்பியிருந்தாய். 1979இல் நார்வேயில் பீட்டர் ஆப்ஸ்விக் அந்த வகையில் ஒன்றை வடிவமைத்தார். இடுப்பை விரித்து உட்காருவது நல்ல யோசனைதான். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு முழங்காலும் கெண்டையும் தாங்காது, முதுகுக்குச் சாய்மானமும் இல்லை. ஒரு மணி நேரம் மாற்றி உட்கார என்றால் சரி, அதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தச் சாய்வு மாற்றத்துக்குத் தரையே போதும்: சுவரில் முதுகை வைத்து, பிட்டத்துக்குக் கீழே மட்டும் மடித்த ஜமுக்காளம் வைத்து, சப்பணமிட்டு உட்கார். மீட்டிங் மட்டும் கேட்கிற நேரத்தில் அப்பாவின் கித்தான் சாய்வு நாற்காலி இருக்கிறதே, அதில் படு. மடியில் லேப்டாப் மட்டும் வேண்டாம்.

புதிதில் நல்லது உன் கணக்குக்கு மேலே போனால், பழையதைப் பார். அலுவலகங்களைக் காலி செய்யும்போது விற்கிற நல்ல கம்பெனி நாற்காலிகள் சென்னையில் பழைய ஆபீஸ் சாமான் கடைகளில் வருகின்றன. புதிதாக வாங்கினால் எட்டாத விலை, அங்கே பாதிக்கும் கீழே கிடைப்பதுண்டு. தண்டு இறங்குகிறதா, திருகு சுற்றுகிறதா, சக்கரம் ஓடுகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். சித்தப்பா அடுத்த மாதம் போகிறார், உன் அளவைக் கொடுத்துவிடலாம்.

அதற்கும் முன்னால் ஒன்று செய். கம்பெனியிடம் எழுத்தில் கேள். ஆபீஸில் இருந்தவரை நாற்காலி அவர்கள் செலவு. வீட்டிலிருந்து வேலை என்று சொன்ன நாளிலிருந்து இடம், கரண்ட், நாற்காலி எல்லாம் உன் செலவாகிவிட்டது. நீ முடிக்க வேண்டிய சார்ட் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

நம் அம்மா ஜவுளிக் கடையில் நின்ற வருஷங்களை நினைத்துக்கொள்கிறேன். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது, ரேக்கில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் முறைப்பார். ராத்திரி வந்து காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பாள், நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு காலை அமுக்குவோம். நரம்பு சுருட்டிக்கொண்ட அந்தக் கால் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் திருத்த மசோதா வந்தது: கடை, நிறுவன ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்று. அம்மாவுக்கு அது பல வருஷம் தாமதம். அவளை உட்கார விடவில்லை, உன்னை எழுந்திருக்க விடவில்லை. இரண்டிலும் உடம்பு எப்போது எப்படி இருக்க வேண்டும் என்று வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் நாற்காலிப் பேச்சு இவ்வளவு நீளமாகிறது.

ஏன் எழுந்திருக்க வேண்டும் என்றால், டிஸ்குக்குள் வளர்ந்தவர்களுக்கு நேரடியாக ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள எலும்பிலிருந்து ஊறி வருகிற சத்தில்தான் அது பிழைக்கிறது. அழுந்துவதும் விடுவதும் மாறி மாறி நடந்தால்தான் தண்ணீர் உள்ளே போய் வெளியே வரும். நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் இருந்த பிறகு நாம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் குள்ளமாகிறோம், படுத்து எழுந்தால் திரும்ப வருகிறது. இன்னொரு பக்கம், எழுந்த முதல் ஒரு மணி நேரம் டிஸ்க் தண்ணீர் ஏறி விறைத்திருக்கும். நீ மதியம் எழுந்ததும் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்குகிறாயே, அதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. வேலைக்கு நடுவே அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் எழுந்து நில், நட. பெரிய பாட்டிலை மேசையில் வைக்காமல் சின்ன டம்ளரை வைத்தால் தண்ணீருக்காகவாவது எழுந்திருப்பாய். எழுந்ததும் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் ஐந்து முறை வளை. போன் வந்தால் நின்றே பேசு. எத்தனை நல்ல நாற்காலி என்றாலும் இதற்கு ஈடாகாது.

அம்மா வாங்கிக் கொடுத்த இடுப்பு பெல்ட்டை மனம் நோகாமல் எடுத்து வைத்துவிடு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் ஒத்தடம் ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்த்திருக்கிறது. என் தொழிலிலேயே இன்னும் பலர் இவற்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். நான் நிறுத்திவிட்டேன். படுத்தே கிடப்பதும் வேண்டாம். ஷிப்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நட, அண்ணாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி இறக்குகிற பயிற்சியைப் பத்துப் பத்தாகச் செய். அடுத்த முறை வரும்போது மற்றவற்றை நானே கூட இருந்து சொல்லித் தருகிறேன்.

நாற்காலி வந்த முதல் ஒரு வாரம் வேறு இடத்தில் வலிக்கலாம், உடம்பு பழகட்டும். இரண்டு வாரம் கழித்தும் கூடிக்கொண்டே போனால், மாற்றித் தருகிற நாள் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு. அதனால் கடையில் அந்தக் கெடுவை முதலிலேயே கேட்டுக்கொள்.

மூன்று அளவையும் எடுத்து, மேசையின் உயரத்தையும் சேர்த்து, இன்றைக்கு ராத்திரிக்குள் எனக்கு அனுப்பு. நீ உட்கார்ந்திருக்கிற ஒரு போட்டோவும் வேண்டும், பக்கவாட்டில், பாதம் தெரிகிற மாதிரி. பாப்பாவை எடுக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா